மெக்கானிக் எண்ணிய நட்சத்திரங்கள்

மூன்றாம் எண் குளிர் அறையில் எப்போதும் மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. ஒரு பக்கம் உறைந்த கோழிப் பெட்டிகள் ஒன்பது அடுக்கு, மறுபக்கம் இறால் பெட்டிகள் ஏழு அடுக்கு. நடுவே ஆள் போகும் வழியில் முக்காலியை விரித்து, அதன்மேல் கேமராவை மாட்டி, லென்சுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அதன் வளையத்தைத் தடவித் தடவித் திருப்பிக்கொண்டிருந்தார் மெக்கானிக். எதிர்ச்சுவரில், இருபத்தாறு அடி தள்ளி, வெப்பநிலை காட்டும் பெட்டியில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று எரியும். அதைத்தான் அவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வினாடிகளை உரக்கச் சொல்லிக்கொண்டு நின்றேன். பதினைந்து சொன்னதும் அவர் நிமிர்ந்து, கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையைப் பார்த்து, "நட்சத்திரம் விழுந்துட்டு அண்ணாச்சி" என்றார். அந்தச் சிவப்புப் புள்ளிக்கு அவர் வைத்திருந்த பெயர் அது.

வளைகுடாவில், அல் குசைஸ் தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கிடங்கில் இருபத்தொரு வருடம் ஸ்டாக் பார்த்தவன் நான். கணிதத்தில் பட்டம் வாங்கி, கடைசியில் கோழிப் பெட்டிகளை எண்ணுகிற வேலைக்கு வந்தேன். குறையாகச் சொல்லவில்லை. எண்ணுவது எனக்குப் பிடிக்கும், எண்ணாவிட்டால் தூக்கம் வராது. உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் கம்பியை மூன்று முறை தள்ளிப் பார்த்த பிறகுதான் எந்தக் குளிர் அறைக்குள்ளும் போவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஒருவராவது கவலைப்பட வேண்டாமா? மெக்கானிக் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், என்னைவிடப் பதினாறு வயது இளையவர். குளிரூட்டும் இயந்திரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய மனைவி குவைத்தில் நர்ஸ், அப்பாசியாவில் நான்கு நர்சுகளோடு ஒரு ஃப்ளாட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தது மொத்தம் இருபத்தேழு மாதங்கள். இதை அவர் சொல்லவில்லை. இருவருடைய லீவுக் கணக்கையும் கேட்டு நான்தான் கூட்டிப் பார்த்தேன்.

அவருடைய கண்ணில் கோளாறு என்று கிடங்கில் முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். அந்த அறைகளில் விளக்கு மங்கலாகத்தான் எரியும். ஒருநாள் அவர் எனக்கு முன்னால் நடக்கும்போது உதடு அசைவதைக் கவனித்தேன். கதவிலிருந்து ஸ்விட்ச் வரை பதினான்கு. ஸ்விட்சிலிருந்து காற்றாடி வரை முப்பத்தொன்று. அந்தக் கிடங்கில் என்னைத் தவிர அடி எண்ணி நடக்கிற இன்னொருவர்! எனக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, உங்களுக்கும் இந்த வியாதி உண்டா?" என்று கேட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. நான் கேட்டது எண்ணும் வியாதியை, அவர் நினைத்தது கண்ணை. வெளியே வந்து, கம்ப்ரஸர் அறையின் இரைச்சலில், என் காதருகே சொன்னார். முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரங்கள் போகும், கடைசியில் நடுவில் ஒரு வட்டம் மட்டும் நிற்கும், அதுவும் சுருங்கிக்கொண்டே வரும். மருந்து கிடையாது. எத்தனை வருடம் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. "நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. கம்பெனிக்குத் தெரிஞ்சா கலாஸ், வேலை போச்சு." நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் போகும் வழியில் கிடக்கும் தள்ளுவண்டிகளை ஓரமாக ஒதுக்கி வைப்பது என் வேலையாயிற்று.

கேமரா வந்த கதையும் கண்ணில் தொடங்கியதுதான். ஒரு குளிர்காலத்தில் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் சேர்ந்து பாலைவனத்துக்குப் போயிருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்து நட்சத்திரம், நட்சத்திரம் என்றார்களாம். இவருக்கு மேலே ஒரே கறுப்பு. சின்ன வயதில் அப்பாவோடு மீன்பிடி வள்ளத்தில் போகையில் பார்த்த வானம் எந்த வருடத்தோடு நின்றுபோயிற்று என்பதுகூட அவருக்கு நினைவில்லை. எதையும் சொல்லாமல், மற்றவர்கள் பார்க்கிற திசையில் தானும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூட வந்த ஒருவர் தம் கேமராவில் எடுத்த படத்தைத் திரையில் காட்டியபோதுதான் நட்சத்திரங்கள் தெரிந்தன. வெளிச்சமுள்ள சின்னத் திரையில், நேர் நடுவில், அத்தனையும் கொட்டிக் கிடந்தன. "வானம் எங்கயும் போகல்ல அண்ணாச்சி. நான்தான் வேற வழியா பாக்கணும்" என்றார். அடுத்த மாதமே பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டார்.

அப்புறம் எங்கிருந்தோ அந்த ஆசை வந்தது: நார்வேயின் வடகோடிக்குப் போக வேண்டும், துருவ ஒளியைப் படம் பிடிக்க வேண்டும். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. இருட்டில் கண் தெரியாதவர், பனியில், மலைச்சரிவில்! "நட்சத்திரம் புள்ளி அண்ணாச்சி. புள்ளி என் கண்ணுல நிக்காது. இது அப்பிடி இல்ல, வானம் முழுக்க விரிக்குமாம். அதுல ஒரு துண்டாவது என் கண்ணுல மாட்டாதா? மாட்டலன்னா படத்துல பாத்துக்கிடுதேன். நடுவுல உள்ள வட்டம் போறதுக்குள்ள ஒருதடவ." இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கிடங்கில் ஆள் குறைவு. அந்த ஒன்றே கால் மணி நேரத்தில்தான் எங்கள் பயிற்சி. பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள். மைனஸ் இருபத்திரண்டில் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், எந்தக் கையுறையோடு பொத்தானை அழுத்த முடியும், குளிர்ந்த கேமராவை வெக்கைக்குள் கொண்டுவருமுன் எப்படிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவது, எல்லாவற்றையும் சோதித்து எழுதினேன். பட்டியல் நாற்பத்துமூன்று வரிகளுக்கு வளர்ந்தது. பெஷாவர்க்காரரான ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒருநாள் பிளாஸ்டிக் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். கோழிப் பெட்டிகளுக்கு நடுவே முக்காலி, கேமரா, தலை முதல் கால் வரை மூடிக்கொண்ட இரண்டு தமிழர்கள். "க்யா பாய், முர்கீ கா ஷாதி ஹை க்யா?" என்றார். கோழிக்குக் கல்யாணமா என்று கேட்டிருக்கிறார். "ஆமா பாய், நீங்கதான் மாப்பிள்ளைத் தோழன், உள்ள வாங்க" என்று மெக்கானிக் அவரையும் இழுத்து நிறுத்திப் படம் எடுத்தார். எங்களுக்கு இருந்த ஒரே தொல்லை அந்த அறையின் காற்றாடிதான். ஓயாமல் வீசி முக்காலியை ஆட்டும். அதைச் சமாளிக்க முக்காலியின் நடுவில் மூன்று கிலோ இறால் பொட்டலத்தைத் தொங்கவிட்டோம். பட்டியலில் அது பதினேழாவது வரி: காற்று வீசினால் எடை கட்டவும்.

டிசம்பர் முதல் வாரத்தில் மெக்கானிக்கும் அவர் மனைவியும் போனார்கள். அமாவாசை நாள்களாகப் பார்த்து நான் குறித்துக் கொடுத்தது. மனைவி குவைத்திலிருந்தும் இவர் இங்கிருந்தும் கிளம்பி, வழியில் ஒரு விமான நிலையத்தில் சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் ஆறு இரவுகள். அந்த மாதத்தில் அங்கே சூரியன் தலை காட்டுவதே இல்லையாம், பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடுமாம். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் மேகமும் பனிப்பொழிவும். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் மேகம். தினமும் அவர் மேகம் என்று ஒரு வார்த்தை அனுப்புவார். நான் இங்கே அறையில் உட்கார்ந்து அந்த ஊர் வானிலையை மணிக்கு நான்கு முறை பார்த்து, சதவீதம் சதவீதமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி என்ன பயன்? ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மேகத்தை எண்ணால் தள்ள முடியுமா? ஆனாலும் எழுதினேன். வேறு எதுவும் கையில் இல்லை.

ஆறாம் நாள், அங்கே சாயங்காலம் ஆறு மணி, இங்கே ஒன்பது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. இந்த நாட்டில் அனுமதித்திருக்கும் செயலியில் வீடியோ அழைப்பு. எடுத்தால் திரையில் மெக்கானிக்கின் மனைவி முகம், மூக்கு வரை கம்பளியால் சுற்றிய முகம். அதன்மேல் பச்சை வெளிச்சம் மெதுவாக ஊர்ந்து போயிற்று. "அண்ணாச்சி, மேகம் விலகிட்டு! இலை அசையல்ல, காத்தே இல்ல! இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க!" என்று போனை மேலே திருப்பினார். எனக்குத் தெரிந்தது கறுப்பு. பக்கத்தில் மெக்கானிக்கின் குரல்: "எங்கட்டி? எந்தப் பக்கம்?"

"தலைக்கு மேல. எல்லாப் பக்கமும். மாதாவே, மடிப்பு மடிப்பா வருதே..."

"எனக்கு ஒண்ணும் தெரியல்லியே."

"இந்தா, என் கையப் பிடிச்சுக்கிடுங்க. இப்ப உங்க நெத்திக்கு நேரா."

"தெரியல்லட்டி."

பனியில் பூட்ஸ் நெரியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அண்ணாச்சி, லைன்ல இருக்கியளா? எண்ணுங்க" என்றார் மெக்கானிக். கேமரா தானே எண்ணிக்கொள்ளும், நான் எண்ணத் தேவையே இல்லை. இருந்தாலும் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை செய்த பழக்கம். ஈரக்கையோடு நின்று எண்ணினேன். பதினைந்து. மறுபடி பதினைந்து. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே அவர் லென்சருகே குனிந்து வளையத்தைத் தடவிச் சரிபார்ப்பது மனைவியின் குரலில் தெரிந்தது: "மூக்கு முட்டப் போவுது, பாத்து!" நாலாவது படத்தில் அவர் கத்தினார். "பச்சையா இருக்கு அண்ணாச்சி! திரையில பச்சையா இருக்கு!" நானும் அறையில் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்துவிட்டார். முப்பத்தெட்டு நிமிடம். அறுபத்துநாலு படம். அதற்குள் மேகம் திரும்பி வந்து மூடிவிட்டது. மறுநாள் காலை அவர்களுக்கு விமானம்.

அரைமணி கழித்து மெக்கானிக் மறுபடி அழைத்தார், இந்த முறை குரல் மட்டும். தங்கியிருந்த வீட்டின் வாசல் விளக்கடியில், கேமராவைப் பையில் போடுமுன், மனைவிதான் பார்த்தாராம். லென்சின் கண்ணாடி நடுவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததுபோல் பனி உறைந்திருந்தது. மெக்கானிக்கின் மூச்சு. ஒரு சாண் தூரத்தில் குனிந்து குனிந்து விட்ட மூச்சு, கண்ணாடியில் பட்டுப் பட்டு உறைந்திருக்கிறது. மூன்றாம் எண் அறையிலும் அவர் அப்படித்தான் குனிந்தார், அதே மூச்சைத்தான் விட்டார். ஆனால் அங்கே நாங்கள் திட்டித் தீர்த்த காற்றாடி அதை உடனுக்குடன் அடித்துக்கொண்டு போயிற்று. காற்றே இல்லாத குளிர் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. குளிர் என்றாலே வீசும் என்று நினைத்திருந்தோம். கண் நன்றாக இருப்பவர் என்றால் இரண்டாம் படத்திலேயே வெள்ளையைப் பார்த்துத் துடைத்திருப்பார். "உங்க லிஸ்ட்டுல உள்ளது பூரா செஞ்சேன் அண்ணாச்சி" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, நான் வருத்தப்படக் கூடாது என்றுதான் சொன்னார். நாற்பத்துமூன்று வரிகளில் கண்ணாடியைப் பார் என்று ஒரு வரி இல்லை.

இதைவிட என்னை அரித்தது இன்னொன்று. அவர் மனைவி கையில் இருந்தது புதிய போன். அதை அசையாமல் பிடித்து ஒரு படம் எடுத்திருந்தால், அந்த மடிப்புகள் சுமாராகவாவது விழுந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்த முப்பத்தெட்டு நிமிடமும் அந்த போன் என்னோடு பேசிக்கொண்டிருந்தது. வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. குழந்தை பிறந்தாலும் சவப்பெட்டி மூடினாலும் முதலில் கை போவது வீடியோ அழைப்புக்குத்தான், தூரத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும். பதினெட்டு வருடம் அவர்கள் குடும்பம் நடத்தியது அதில்தானே. அந்த வானத்தையும் எனக்குக் காட்டினார்கள். நான் பார்த்தது கறுப்பு. நான் போனை எடுக்காமல் தட்டையே கழுவிக்கொண்டிருந்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் மெக்கானிக் கேமராவின் மெமரி அட்டையை என் கையில் கொடுத்தார். "ஒண்ணாவது தேறுமா பாருங்க." ஆபீஸில் உள்ள பெரிய திரையில் இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் முழுவதும் உட்கார்ந்து அறுபத்துநாலையும் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் அதன் வழியே விளக்கு எப்படித் தெரியுமோ அப்படி, பச்சையாக ஒரு கசிவு. மடிப்பும் இல்லை, கோடும் இல்லை. நடுவில்தான் மோசம், ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் தெளிவு. ஐம்பத்தெட்டாம் படத்தின் இடது கீழ் மூலையில் மட்டும், தபால்தலை அளவுக்கு, பனி எட்டாத ஓர் இடம் கிடைத்தது. ஒரு மலையின் கறுப்பு விளிம்பு, அதன்மேல் சுத்தமான வானம். பச்சை அங்கே வரவில்லை. நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. அந்த மூலையை வெட்டி, பெரிதாக்கி, கடையில் கொடுத்து அஞ்சலட்டை அளவில் இரண்டு பிரதி போட்டேன். முப்பத்தேழு நட்சத்திரங்கள். மூன்று முறை எண்ணினேன்.

கொடுக்கவே கூச்சமாக இருந்தது. அத்தனை தூரம் போனவருக்கு ஒரு மூலை! அவர் மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்து, படத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு நகர்ந்தார். நான்கு நிமிடம் ஆயிற்று. "இருவத்தொம்பது" என்றார். முப்பத்தேழு என்றேன். "ஸ்டாக்குல எட்டு குறையுதே! எட்டு நட்சத்திரத்த எங்க அண்ணாச்சி வித்தீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் அந்த எட்டு எங்கே போயிற்று என்று தெரியும்.

அடுத்த வருடம் பெட்டி அடுக்கும் பல்லட் பலகை ஒன்றில் இடித்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். கம்பெனி கேள்வி கேட்குமுன் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். மனைவி இன்னும் அப்பாசியாவில்தான் இருக்கிறார். யாராவது ஒருவர் சம்பாதிக்க வேண்டுமே. எனக்கு வேலை முடிந்து, இப்போது அல் குசைஸிலேயே மகள் வீட்டில் இருக்கிறேன். வயது அறுபத்தெட்டு. ஊருக்குப் போன முதல் மாதம் மெக்கானிக் அழைத்து, "அண்ணாச்சி, இன்னிக்கு விளக்குப் போட்டு எண்ணிப் பாத்தேன், இருவத்தாறு" என்றார். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து அழைப்பார். படத்தை எடுத்து, விளக்கைப் போட்டு, என்னை லைனில் வைத்துக்கொண்டே எண்ணுவார். நான் டயரியில் எழுதிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் எந்தக் காகிதத்தைவிடவும் எனக்கு அந்த எண்தான் புரியும். இருபத்தாறு, இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்தொன்று. ஒரு மாதம் ஒன்று ஏறினால் அன்று முழுவதும் என் மகளை நச்சரிக்காமல் இருப்பேன். பதினெட்டு, பத்தொன்பது, பதினைந்து, பதின்மூன்று, பதினொன்று.

அதன் பிறகு பதினொன்று. அடுத்த மாதமும் பதினொன்று. நின்றுவிட்டது, இனிக் குறையாது என்று மகளிடம் சொன்னேன். அவள், "நல்லதுதானே அப்பா" என்றாள். அதற்கு அடுத்த மாதமும் அவர் பதினொன்று என்றபோது என் பேனா டயரியில் நின்றது. இருபத்தொரு வருடம் எத்தனையோ பேர் எண்ணிக் கொடுத்த தாள்களைச் சரிபார்த்திருக்கிறேன். உண்மையில் எண்ணியவன் தரும் எண் மாதத்துக்கு மாதம் ஒன்றிரண்டாவது ஆடும். பெட்டி நசுங்கியிருக்கும், ஒன்று பின்னால் மறைந்திருக்கும், எண்ணியவனுக்குக் கை விறைத்திருக்கும். மூன்று மாதம் ஒரே எண் ஆடாமல் அசையாமல் வந்தால், எண்ணுகிறவன் உள்ளே போகவே இல்லை, வெளியே நின்று பழைய தாளைப் பார்த்து எழுதிவிட்டான் என்று அர்த்தம். அப்படி வந்த தாள்களைச் சிவப்பு மையால் சுழித்து, மறுபடி உள்ளே போய் எண்ணிவா என்று திருப்பி அனுப்புவேன். அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் அவர் எண்ணி முடிக்க நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் ஆகும். இப்போது நான் ஹலோ சொன்னதுமே எண் வந்துவிடுகிறது. விளக்கின் ஸ்விட்ச் போடும் சத்தமும் கேட்பதில்லை.

நான் கவலைப்படுகிறவன் என்று அவருக்குத் தெரியும். போன ஞாயிறும் அழைத்தார். கால் வலி எப்படி இருக்கிறது, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, மகளிடம் சண்டை போடாமல் இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "பதினொண்ணு அண்ணாச்சி, குறையல்ல" என்றார்.

"சரி தம்பி" என்றேன். "எழுதிக்கிட்டேன்."